தெருமுனை எருக்கும் ஒரு கேமராவும்

எருக்கை யாரும் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதில்லை. வெள்ளெருக்கை மட்டும் சிலர் பிள்ளையாருக்காக வீட்டு வாசலில் வைப்பார்கள். மற்றபடி வீடு கட்டாத காலி மனை, ரயில் தண்டவாளத்தின் ஓரம், இடிந்த மதில், ஏரிக்கரை என்று கேட்பாரில்லாத இடமெல்லாம் அதன் இடம்தான். விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டப் பூப்பறிக்கும் நாள் தவிர, ஆண்டு முழுவதும் அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பூ, பறவை, பட்டாம்பூச்சி மூன்றையும் படம் எடுக்க ஆசைப்படும் ஒருவர் முதல் பாடத்தை இந்தச் செடியிடமே படிக்கலாம். வால்பாறைக்கும் முதுமலைக்கும் பிறகு போய்க்கொள்ளலாம்.

வெயில் ஏறத் தொடங்கும் காலை எட்டு மணிக்கு எருக்கின் அருகே போய் நின்றால், அநேகமாக முதலில் கண்ணில் படுவது வெந்தய வரியன். வெந்தய நிறச் சிறகு, கறுத்த நுனி, அதில் வெள்ளைப் பட்டை. பட்டாம்பூச்சிக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. இரவுக் குளிரில் விறைத்த சிறகுத் தசைகள் வெயிலில் காய்ந்த பிறகே நன்றாக இயங்கும். அதனால் காலையில் சிறகை விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். பத்து மணிக்கு மேல் அதே பூச்சியைத் துரத்திக்கொண்டு மனை முழுக்க ஓட வேண்டும். படம் எடுப்பவருக்குக் கிடைக்கும் நேரம், பூச்சி குளிர் காயும் அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான்.

விரித்த சிறகை நேராகப் படம் பிடித்து, வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் பின்சிறகின் நடுவில் கரும்புள்ளிகள் தெரியும். மூன்று இருந்தால் அது பெண். நான்காவதாக ஒன்று இருந்தால் ஆண். அந்த நான்காவது புள்ளி, பெண்ணைக் கவரும் வாசனையைச் சுரக்கும் பை. பறக்கும்போது எந்தக் கண்ணுக்கும் பிடிபடாத இந்தச் செய்தியை ஒரு சாதாரண செல்போன் படம் சொல்லிவிடுகிறது.

பெண்ணாக இருந்து, அது இலைக்கு இலை தாவிக்கொண்டிருந்தால், கேமராவைத் தாழ்த்தி வைத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது. இலையின் அடிப்பக்கத்தில் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை வைக்கும். பிறகு வேறு இலை, இன்னொரு முட்டை. கடுகை விடச் சிறிய அந்த முட்டை சில நாளில் பொரியும். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்களோடு, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகளோடு புழு வளரும். எருக்கம்பாலில் நஞ்சு உண்டு. அந்த இலையையே தின்று வளரும் புழுவின் உடம்பில் நஞ்சு தங்கி, சிறகு முளைத்த பின்னும் கூட இருக்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அந்த நிறத்தின் பக்கம் போவதில்லை. வெந்தய வரியன் சாவகாசமாகப் பறப்பது இந்தத் துணிச்சலில்தான்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று நான்கு நிலைகளையும் ஒரே செடியில், ஒரே செல்போனில், ஒரு மாதத்துக்குள் எடுத்துவிட முடியும். தொலைதூரக் காட்டில் எடுத்த ஒற்றைப் புலிப் படத்தை விட இந்த நான்கு படங்கள் எடுத்தவருக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். காட்டுக்கு ஒருமுறைதான் போக முடியும். தெருமுனைக்குத் தினமும் போகலாம்.

எருக்கம்பூவும் நின்று பார்க்க வேண்டிய பூ. ஐந்து இதழ்களுக்கு நடுவே ஒரு கிரீடம் போல எழுந்து நிற்கும் அதன் அமைப்பு, கிட்டத்தில் போய் எடுத்த படத்தில்தான் முழுதாகத் தெரியும். இந்தப் பூவில் மகரந்தம் தூளாகக் கொட்டுவதில்லை. சிறு பொட்டலங்களாக ஒட்டிக்கொண்டு போகிறது. அதைச் சுமந்து போகும் வலு, உடல் பெருத்த கருவண்டுத் தேனீக்கு உண்டு. பெரிய இரைச்சலோடு வந்து பூவில் தொங்கும் அந்தத் தேனீயின் காலில் பொட்டலம் மாட்டியிருக்கும் படம் கிடைத்தால், எடுத்தவர் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருப்பார்.

தேன் குடிக்க ஊதாத் தேன்சிட்டும் வரும். இனப்பெருக்கக் காலத்து ஆண்சிட்டை நிழலில் எடுத்தால் வெறும் கரிக்கட்டை. சூரியன் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருந்து, சிட்டு ஒரு கணம் தலையைத் திருப்பினால் நீலமும் ஊதாவும் பச்சையும் பளீரென்று எரியும். அதன் இறகில் சாயமாக நீலம் கிடையாது. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் கோணத்தில் பிறக்கும் நிறம் அது. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கும் பழக்கத்தை ஒரு புத்தகத்தை விட இந்தச் சிட்டு சீக்கிரமாகக் கற்றுக்கொடுக்கும்.

கருவி பற்றிய கேள்வி உடனே வரும். பூவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் இன்றைய செல்போனே போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மேக்ரோ கிளிப் லென்ஸ் மாட்டினால் முட்டையையும் எடுக்கலாம். பறவைக்குத்தான் செல்போன் போதாது. அதற்கு லென்ஸ் மாற்றத் தேவையில்லாத நெடுஜூம் கேமராக்கள் வந்தது பெரிய திருப்பம். 2015இல் வெளியான நிக்கான் பி900, 83 மடங்கு ஜூம் கொண்டது. லட்சங்களில் விலை போகும் நீண்ட லென்ஸ்களை வாங்க முடியாதவர்களும் ஏரிக்கரையிலிருந்து நடுத்திட்டில் நிற்கும் நாரையின் கண்ணை எடுக்க முடிந்தது. வெளிச்சம் குறைந்தால் இந்தக் கேமராக்கள் தடுமாறும் என்பது உண்மைதான். அதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

கருவிக்கு அடிமையாகாமல் படம் எடுத்த முன்னோடி ஒருவர் தமிழுக்கு உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912இல் பிறந்தவர். வெவ்வேறு பாகங்களைத் தானே பொருத்திச் செய்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்து, கறுப்பு வெள்ளையில் யானைகளையும் பறவைகளையும் எடுத்தார். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் 1996இல் இறக்கும் வரை இயற்கை பற்றிய பத்தி எழுதினார். நடுக்காட்டு விலங்குக்குத் தந்த அதே கவனத்தை வீட்டுத் தோட்டத்து அணிலுக்கும் காகத்துக்கும் அவர் தந்தார். படம் எடுக்க வருகிறவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கவனத்தைத்தான்.

தொழில்நுட்பத்தில் தொடக்கத்துக்குத் தேவையானவை கொஞ்சமே. கண் தெளிவாக இருந்தால் படம் உயிரோடு இருக்கும். கண் மங்கினால் மற்ற எது தெளிவாக இருந்தும் பயனில்லை. பறவையோ பூச்சியோ எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குக் குனிய வேண்டும், மண்டியிட வேண்டும், தேவைப்பட்டால் படுக்கவும் வேண்டும். சிறகு மூடிய பட்டாம்பூச்சியைப் பக்கவாட்டில், கேமராவும் சிறகும் இணையாக இருக்கும்படி எடுத்தால் சிறகு முழுவதும் தெளிவாக விழும். எடுப்பவரின் நிழல் பூச்சி மேல் விழக்கூடாது. விழுந்த மறுகணம் அது இருக்காது.

வெள்ளைக் கொக்கும் கரிச்சானும் தனிப் பாடம். கேமரா எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கரும்பச்சை வயலில் நிற்கும் கொக்கை அதன் போக்கில் விட்டால் இறகு வரிகளே இல்லாமல் வெளுத்துப் போகும். வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். கரிச்சானுக்கு நேர்மாறாகக் கூட்ட வேண்டும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் சிறகு உறைந்து நிற்கும்.

அடுத்த கட்டமாக வெளியே போகலாம். திருச்சியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே 2015இல் திறக்கப்பட்ட ஸ்ரீரங்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, குழந்தைகளோடு போய்ப் பழக ஏற்ற இடம். பறவைக்கு, நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கல். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள், வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை நமக்கு அஞ்சாமல் நின்று தரும் படத்துக்குப் பின்னால் இப்படி ஓர் ஊரின் பொறுமை இருக்கிறது. அங்கே கேமராவோடு போகிறவர் அந்த ஊருக்குக் கடன்பட்டவர்.

அந்தக் கடனை மறந்தவர்களும் உண்டு. கூடு நன்றாகத் தெரிய வேண்டும் என்று மறைக்கும் கிளையை ஒடிப்பவர்கள், பறவையின் குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பவர்கள், பூச்சி அசையாமல் இருக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுப்பவர்கள். கிளையை ஒடித்தால் குஞ்சின் மேல் நேரடி வெயில் விழும். காகத்தின் கண்ணிலும் கூடு படும். திரும்பத் திரும்ப ஒலிக்கும் குரலைக் கேட்டு வரும் பறவை, தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று இரை தேடுவதை விட்டுவிட்டு அலைகிறது. வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வரும் ஆறுமணிக்குருவியைப் பாருங்கள். காலையிலும் மாலையிலும் ஆறு மணி அளவில் கத்துவதால் வந்த பெயர் அது. நெடும்பயணத்தில் களைத்து, சில சமயம் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் வந்து விழுந்து கிடக்கும். அதைச் சுற்றிப் பத்துப் பேர் கேமராவோடு நின்றால் அது எப்போது ஓய்வெடுக்கும்? கூட்டை எடுக்காமல் இருப்பதும் களைத்த பறவையை விட்டு விலகுவதும் இந்தப் பொழுதுபோக்கின் முதல் ஒழுக்கம். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

எடுத்த படம் செல்போனுக்குள்ளேயே கிடந்து அழிய வேண்டியதும் இல்லை. எந்த நாள், எந்த இடம் என்ற குறிப்போடு ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால், பெயர் தெரியாத பூச்சிக்கு விவரம் அறிந்த யாராவது பெயர் சொல்வார்கள். அழியும் நிலையில் உள்ள உயிரினமானால் அதன் சரியான இடத்தை அந்தத் தளமே மறைத்துவிடும். பறவைகளுக்கு இ-பேர்டு இருக்கிறது. 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்து, அவற்றில் 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. அதற்கு அடிப்படை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த சுமார் மூன்று கோடிக் குறிப்புகள். வேறு வேலை பார்த்துக்கொண்டே விடிகாலையில் ஏரிக்கரைக்குப் போகிறவர்களும் அவர்களில் அடக்கம்.

தமிழ்நாட்டுக்குச் சொந்தமாகவே ஒரு நாள்காட்டி உருவாகியிருக்கிறது. பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு, செப்டம்பரில் பட்டாம்பூச்சி மாதம். 2019இல் ‘தமிழ் மறவன்’ மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு பட்டாம்பூச்சியின் பெயராவது தெரிகிறது. மறவன் மலைக்காட்டுப் பூச்சி. தெருமுனையில் அதைப் பார்க்க முடியாது. ஆனால் வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் எலுமிச்சையும் இருந்தால், அவற்றில் முட்டையிட வரும் அழகி வகைப் பட்டாம்பூச்சிகளைச் சமையலறை ஜன்னலில் நின்றே எடுக்கலாம். பூச்சிமருந்து அடிக்காமல் இருந்தால் போதும். இரண்டு கிளையைப் புழு தின்றுவிட்டுப் போகட்டும். கறிவேப்பிலை மறுபடி துளிர்க்கும்.

எருக்குக்கு வீட்டுச் செடியின் பாதுகாப்பு இல்லை. மனையைச் சுத்தம் செய்கிறோம் என்று ஆள் வைத்து வெட்டும்போது முதலில் சாய்வது அதுதான். உங்கள் தெருவில் அப்படி ஒரு செடி நின்றால், அரிவாள் வருவதற்கு முன்னால் அதன் இலைகளின் அடிப்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். முட்டையோ புழுவோ இருந்தால் ஒரு படம் எடுத்து மனைக்காரரிடம் காட்டி, ஒரு மாதம் தவணை கேளுங்கள்.