கோடியக்கரையில் நடைவழிகள்: மணல்மேடும் சதுப்பும்

சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து தெற்காக நீண்டு வந்து, பாக்கு நீரிணையை எய்தியதும் ஏறக்குறையச் செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. அத்திருப்பத்தில் அமைந்திருப்பது கோடியக்கரை. நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வேதாரணியத்துக்குத் தெற்கே உள்ள இம்முனையில் மணல்மேடு, உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளி, உப்புச் சதுப்பு ஆகிய நான்கையும் ஒரே நாள் நடையில் காணலாம். இப்பிரதேசம் 1967-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2002-இல் அதனுடன் வேதாரணியம் பெருஞ்சதுப்பும் முத்துப்பேட்டைக் கண்டற்காடுகளும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு, ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. மாணவரை இங்கு அழைத்து வரும் ஆசிரியர்களும் அவர்களுக்கு வழிகாட்டும் களப் பணியாளரும் எதைக் காண்பது என்று முதலில் கேட்பது வழக்கம். எவ்வழியே நடப்பது என்பது அதற்கும் முன்னதாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயமாகும். அதன் காரணத்தை மணலிடமிருந்தே அறியலாம்.

கடல் ஒதுக்கிய மணல் வெயிலில் உலர்ந்ததும் காற்றுக்கு வசப்படுகிறது. வினாடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகமுள்ள காற்றே உலர்மணலைப் பெயர்த்துச் செல்லப் போதுமானது. மணற்பரல்கள் தரையோடு தரையாகத் துள்ளித் துள்ளிச் செல்கின்றன. ஒரு பரல் விழும் அதிர்ச்சியில் வேறு பரல்கள் எழும்புகின்றன. எதிரில் ஒரு தடை நேரிட்டால் காற்றின் வேகம் தணிந்து, மணல் அங்கேயே படிகிறது. கரையில் அத்தடையாக அமைபவை முக்கியமாக இரண்டு தாவரங்கள். ஒன்று, சங்கப் பாடல்களில் அடும்பு எனப் பேசப்படும் அடம்பங்கொடி; ஆட்டுக்குளம்பைப் போன்ற பிளவுபட்ட இலையும் செந்நீலப் பூவும் உடையது. மற்றொன்று, முள்போன்ற கூரிய இலைகளையுடைய இராவணன் மீசைப் புல். இதன் உருண்டையான கதிர்கள் காற்றில் உருண்டோடுவதும் சிறுவர் அவற்றைத் துரத்துவதும் நம் கரையோர ஊர்களில் பழகிய காட்சி. இவ்விரண்டும் கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படர்பவை. மேலே மணல் மூட மூட, தண்டு மேலெழுந்து மீண்டும் வேர் விடும். மணல்மேடு வளர்வது இவ்வாறே.

மணலில் புதைவதைத் தாங்கும் இத்தாவரங்கள் மிதிபடுவதைத் தாங்குவதில்லை. ஒரே தடத்தில் பலர் நடந்தால் கொடி அறுந்து, வேர் உலர்ந்து, அவ்விடம் வெறும் மணலாகிறது. அந்த வெற்றிடத்தில் காற்று புகுந்து பள்ளம் பறிக்கிறது. பள்ளம் ஆழமாகுந்தோறும் காற்று அதில் குவிந்து வேகம் கொள்கிறது. இவ்விதம் ஓர் ஒற்றையடிப் பாதை, சில பருவங்களில் மேட்டைப் பிளக்கும் வாயிலாக மாறிவிடக்கூடும். ஸ்காட்லாந்தின் வடகரையில் கல்பின் என்னும் பண்ணை நிலம் 1694-இல் புயல் மணலில் புதையுண்டது. மறு ஆண்டே அந்நாட்டுப் பாராளுமன்றம் மணல்மேட்டுப் புல்லைப் பிடுங்கலாகாது என்று சட்டம் செய்தது. நம் நாட்டில் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள் மணல்மேடுகளையும் உப்புச் சதுப்புகளையும் மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய வகுப்பில் வைத்துள்ளன.

வகுப்பறையில் இதை எளிதில் காட்டலாம். அகன்ற தட்டில் உலர்மணலைப் பரப்பி, ஒரு பாதியில் தென்னை ஈர்க்குத் துண்டுகளை நெருக்கமாக நட்டு, பனையோலை விசிறியால் ஒரே பக்கமிருந்து வீசினால் போதும். பின்னர் ஈர்க்குகளின் நடுவே ஒரு வரிசையை மட்டும் பிடுங்கிவிட்டு மீண்டும் வீசினால், மணல் அவ்வழியே ஓடுவதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

இது மணலின் கதை மட்டுமன்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் தமிழகக் கரையை ஆராய்ந்த கடலியல் விஞ்ஞானிகள், உயர்ந்த மணல்மேடுகள் குலையாதிருந்த இடங்களில் நீர் உள்ளே பாய்வது பெரிதும் தடைப்பட்டதையும், மேடுகளின் இடைவெளிகளும் கழிமுகங்களும் நீருக்கு வாயிலானதையும் கண்டனர். பாதைக்காகத் திறக்கப்படும் இடைவெளியும் நீருக்கு ஓர் இடைவெளியே.

ஆகவே கடலை அடைய மேட்டின் குறுக்கே நேர்க்கோட்டில் செல்லலாகாது. கோடியக்கரையில் இதற்கு ஒரு வசதியான விதி உண்டு. இங்கு வீசும் இரு பெருங்காற்றுகளில் ஒன்று வடகிழக்கிலிருந்தும், மற்றது தென்மேற்கிலிருந்தும் வருகிறது. திசை எதிரெதிராயினும் இரண்டும் இயங்குவது ஒரே அச்சில்தான். எனவே வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செல்லும் தடம் இரு காற்றுகளுக்கும் குறுக்காக அமையும். முனையின் கிழக்குக் கரைக்கும் தெற்குக் கரைக்கும் இவ்விதி ஒருங்கே பொருந்துகிறது. தடம் சற்று வளைந்து செல்வது மேலும் நன்று. ஏற்கனவே ஒரு தடம் இருக்குமாயின், அது எவ்வளவு சுற்றுவழியாயினும், புதுத்தடம் போடுவதை விட அதுவே சிறந்தது. மாணவரைப் பக்கம் பக்கமாக நடக்க விடாமல் ஒருவர் பின் ஒருவராக நடத்துதல் வேண்டும்.

முதல் வரிசை மேட்டைக் கடந்ததும் வரும் தாழ்வில் சிறிது நிற்கலாம். கடலுக்கு இவ்வளவு அருகில் நன்னீர் எவ்வாறு கிடைக்கிறது என்பதை விளக்க இதைவிடத் தக்க இடமில்லை. மணலில் இறங்கிய மழைநீர், கீழே உள்ள உவர்நீரை விட எடை குறைந்ததாதலால் அதன் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை அது அமையக்கூடும். குறுகிய மேடுகளில் இவ்வளவு ஆழம் வாய்ப்பதில்லை. மணலை அள்ளி மேட்டின் உயரத்தைக் குறைத்தால், இந்நீரும் குறைந்து உவர் மேலேறும்.

மேடுகளுக்கு உட்புறம் பாலை, உகாய் முதலிய மரங்களடர்ந்த காடும் அதையடுத்துப் புல்வெளியும் உள்ளன. இப்பிரதேசத்தின் மிக உயர்ந்த இடமாகிய இராமர் பாதம் கூடச் சில மீட்டர் உயரமே உடையது. 2018 நவம்பரில் கஜா புயல் இக்காட்டின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. வெளிமான்கள் பலவும் மாண்டன. புல்வெளியில் மந்தை தென்பட்டால் அதன் நடுவே புகாமல் ஓரமாக ஒதுங்கிச் செல்ல வேண்டும்.

சதுப்பில் நடைமுறை வேறு. வேதாரணியம் பெருஞ்சதுப்பு பாக்கு நீரிணைக்கு இணையாக மேற்கே முத்துப்பேட்டை வரை நீள்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் இந்நிலம், கோடையில் நீர் வற்றி வெண்மையான உப்பைப் பூக்கிறது. 1930-இல் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏப்ரல் 13-இல் புறப்பட்டு நடந்தே வேதாரணியத்தை அடைந்து, 30-ஆம் நாள் அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்தனர். கோடையில் இந்நிலமே உப்பை ஈவதாயிருந்ததால்தான் அந்நடையின் முடிவிடம் இதுவாயிற்று.

உலர்ந்த மேலோட்டைக் கண்டு கெட்டித் தரை என்று நம்புவது தவறு. அதன் கீழ் நீர் செறிந்த களிமண் இருக்கும். அசையாதவரை உறுதியாகத் தோன்றும் அக்களி, காலடி அதிர்ச்சியில் இளகிக் குழைந்துவிடுகிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் வந்தியத்தேவன் கோடிக்கரைப் புதைசேற்றில் அகப்பட்டுத் தவிப்பதை வாசகர் அறிவர். மனித உடல் சேற்றை விட எடை குறைந்ததாதலால், அது முழுவதும் மூழ்கிவிடுவதில்லை. கால் சிக்கிய நிலையில் நீர் ஏறுவதே உண்மையான அபாயம். அகப்பட்டவர் உதறிக்கொள்ளாமல் பின்புறம் சாய்ந்து, உடற்பாரத்தைப் பரவச் செய்து, கால்களை மெல்ல அசைத்து விடுவிக்க வேண்டும். உமரிச் செடி படர்ந்த இடத்தில் வேர்கள் மண்ணைப் பிணைத்திருப்பதால் தரை சற்று உறுதியாயிருக்கும். வழுவழுப்பாகப் பளபளக்கும் வெற்றுத் தரையைத் தவிர்க்க வேண்டும். மாணவருடன் செல்கையில் இத்தகைய சோதனைகளே வேண்டியதில்லை. வரப்பையும் சாலையையும் விட்டு இறங்காமலிருப்பதே முறை. நெதர்லாந்தில் வாடன் கடலின் சேற்றுத் தரையில் நடப்போர், பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் கூட்டமாகவே செல்கின்றனர்.

வரப்பில் நிற்பது பறவைகளுக்கும் நன்மை. பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நீரை வடித்து உண்பதையும், உள்ளான் வகைகள் சேற்றைக் குத்தி இரை தேடுவதையும் அங்கிருந்தே காணலாம். கொசு உள்ளான் ஆர்க்டிக் பிரதேசத்தில் முட்டையிட்டு, குளிர்காலத்தை இங்கே கழிக்கிறது. சுமார் 30 கிராம் எடையே உள்ள இச்சிறு பறவை, மார்ச், ஏப்ரல் மாதங்களில் நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை இச்சதுப்பிலேதான் சேர்க்க வேண்டும். கூட்டத்தை ஒரு முறை கிளப்பிவிட்டால், இரை தேடும் நேரமும் சேர்த்த கொழுப்பும் ஒருங்கே நஷ்டமாகின்றன. பறவைகள் தலை நிமிர்த்தி நோக்கத் தொடங்கினால் மேலும் நெருங்காமல் நின்றுவிட வேண்டும் என்பது களப் பணியாளர் கைக்கொள்ளும் அடையாளம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்தில் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். அதை முன்கூட்டியே பெற்று, விடியற்காலையில் சதுப்பையும், வெயில் ஏறுமுன் காட்டையும், பிற்பகலில் மணல்மேட்டையும் காணலாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் இக்கரைக்கு வருகின்றன. ஆதலால் அம்மாதங்களில் இருட்டுமுன் கரையை விட்டு, வந்த தடத்திலேயே திரும்பிவிடுதல் வேண்டும்.