பொன்னியைக் கொன்றது யார்?

நேயர்களுக்கு ஒரு துக்கச் செய்தி. சென்ற ஆனி மாதக் கடைசியில், மந்தைவெளியில் உள்ள நமது வீட்டின் கொல்லைப்புறத்தில் பொன்னி காலமானாள். வயது ஒன்பது. ஒன்பது வயது என்றதும் மனம் பதற வேண்டாம். பொன்னி ஒரு கோழி. ஆனால், "ப்பூ, கோழிதானா!" என்று பக்கத்தைப் புரட்டிவிடவும் வேண்டாம். கோழிக் கணக்கில் ஒன்பது என்பது தொண்டு கிழம். அவ்வளவு காலம் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்த ஜீவன் போய்விட்டால் வருத்தம் மட்டும் மிஞ்சுவதில்லை. ஒரு கேள்வியும் மிஞ்சுகிறது. அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

உமாதேவியார் மயில் வடிவெடுத்துச் சிவபெருமானைப் பூசித்த தலம் மயிலை என்பது புராணம். பறவை நூலார் மயிலையும் கோழியையும் ஒரே குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆயினும் மயிலுக்கு உள்ள மரியாதை கோழிக்கு மயிலையைச் சுற்றியுள்ள தெருக்களில் கிடைப்பதில்லை. கொல்லைப்புறம் என்பதே அருகிவிட்ட இக்காலத்தில், கோழி வளர்க்கிறோம் என்று சொன்னால் அண்டை வீட்டார் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

நமது தகப்பனார் மறைந்த வருஷத்தில், வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று நமது தாயார் மூன்று நாட்டுக் கோழிக் குஞ்சுகளை வாங்கி வந்தார். மூன்றில் ஒன்றுக்குக் கால்கள் மஞ்சள் பூசியவை போல் இருந்தன. பொன்னி என்ற பெயர் அதனால் வந்தது. அந்த மஞ்சளுக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பது நமக்குப் பின்னால்தான் தெரிந்தது. வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலைத் தரும் மரபுக்கூறு மட்டும் நம் தென்னாட்டு மலைகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிலிருந்து கலந்தது என்று 2008-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். உலகமெங்கும் மஞ்சள் காலோடு திரியும் கோழிகளுக்கெல்லாம் நம் காடுகளோடு ஒட்டுறவு உண்டு என்றால், பொன்னி கொஞ்சம் கர்வத்துடன் நடந்ததில் தவறில்லை.

கடைசி மூன்று வாரங்களாகவே அவளிடம் மாறுதல் தெரிந்தது. செம்பருத்தி போல் இருந்த கொண்டை வெளிறிற்று. வெயிலில் இறக்கையை விரித்துப் புழுதி குளிப்பதை நிறுத்திவிட்டாள். கம்பு இறைத்தால் வந்து கொத்துவாள்; ஆனால் தூக்கிப் பார்த்தால் மார்பெலும்பு கத்தி விளிம்பு போல் கையில் தட்டுப்பட்டது. "வயதாகிவிட்டது" என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டோம். ஒரு நாள் காலை பஞ்சாரத்தைத் தூக்கியபோது, பொன்னி தலையை இறகுக்குள் செருகியபடியே குளிர்ந்து கிடந்தாள்.

பழைய வேஷ்டித் துண்டு ஒன்றில் சுற்றுவதற்காக எடுத்தோம். நம் கைமேல் ஏதோ ஊர்ந்தது. உற்றுப் பார்த்தால், வைக்கோல் நிறத்தில் எள்ளைவிடச் சிறிய பேன்கள், நூற்றுக்கணக்கில்! கழிவாயைச் சுற்றியிருந்த இறகுகளின் அடியில் ஈர்கள் வெள்ளைக் கொத்துகளாய்த் திரண்டிருந்தன.

நமக்குச் சொரேர் என்றது. வேப்பேரிக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லலாமா என்று மெதுவாகக் கேட்டோம். "வயதான ஜீவனை அறுக்க வேண்டாம்" என்றார் தாயார். நமக்கும் அப்போது மனம் வரவில்லை. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது தாயார் கேட்டார்: "முன்னாலேயே பார்த்திருந்தால் பிழைத்திருக்குமாடா?"

பதில் சொல்ல முடியவில்லை. மறு நாளும் அதே கேள்வி. வருத்தம் ஒருபுறம் இருக்க, மிச்சமிருந்த இரண்டு கோழிகளைப் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது. அவையும் பொன்னியோடு ஒரே கூட்டில் படுத்தவைதாமே? ஆகவே, போலீஸ்காரர் போல நாமே துப்புத் துலக்க இறங்கினோம்.

முதற் குற்றவாளி பேன். கோழிப்பேன் வாழ்நாள் முழுவதையும் கோழியின் மேலேயே கழிக்கிறது. செதிலையும் இறகையும் அரித்துத் தின்கிறது. சில வகைப் பேன்கள் இளம் இறகின் தண்டைக் கடித்து இரத்தமும் குடிக்கின்றன. அளவுக்கு மீறினால் கோழி மெலியும், முட்டை குறையும். ஆனால் திடமான கோழி அலகால் கோதியும் புழுதியில் குளித்தும் பேனை அடக்கி வைத்துக்கொள்கிறது. அலகின் நுனி வெட்டப்பட்ட பண்ணைக் கோழிகளிடம் பேன் அதிகமாகப் பெருகுவதை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். பொன்னியோ மூன்று வாரமாகப் புழுதி குளிக்கவில்லை. மேலும், உடல் குளிர்ந்ததும் பேன்கள் அடி இறகை விட்டு வெளியே வந்து வேறு சூடான உடம்பைத் தேடும். நம் கைமேல் ஊர்ந்ததற்குக் காரணம் அதுவே. அப்படியானால் பேன் பெருகியதால் கோழி நலிந்ததா, கோழி நலிந்ததால் பேன் பெருகிற்றா? செத்த உடம்பின் மேல் பிடிபட்டவன் எல்லாம் கொலைகாரன் ஆகிவிடமாட்டான் என்பது இங்கேதான் நமக்கு உறைத்தது.

இரண்டாவது குற்றவாளி செஞ்சிற்றுண்ணி. இது மகா தந்திரசாலி. பகலில் கோழியின் மேல் இராது. கூட்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். கொண்டை வெளிறியதற்கு இது பொருத்தமான காரணமாகத் தோன்றிற்று. ஆகவே இரவு பத்து மணிக்குக் கைவிளக்கோடு சென்று, கோழிகள் உட்காரும் மூங்கிலின் அடிப்புறத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தோம். சிற்றுண்ணி இருந்தால் துணியில் இரத்தக் கறை படியும். மூன்று இரவு துடைத்தும் அழுக்குத்தான் படிந்தது. சுவர் வெடிப்புகளில் பதுங்கும் பெரிய கோழி உண்ணியையும் தேடினோம், அதுவும் இல்லை.

மூன்றாவது, வயிற்றுப் பூச்சி. கோழியின் குடலில் வாழும் உருண்டைப் புழு விரல் நீளம் வரை வளரும். அதன் முட்டைகள் எச்சத்தோடு மண்ணில் விழுந்து, ஈரமும் சூடும் கிடைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் நோய் தரும் பக்குவம் அடைகின்றன. கோழி அந்த மண்ணைக் கொத்தும்போது மறுபடி உள்ளே போகின்றன. நாடாப்புழு இன்னும் சுற்று வழியில் வரும்: எறும்பு, வண்டு, ஈ இவற்றின் வயிற்றில் முதலில் தங்கி, அவற்றைத் தின்னும் கோழிக்குள் நுழையும். ஒன்பது வருஷம் ஒரே கொல்லையைக் கிளறிய பொன்னிக்குப் பூச்சி இல்லாமலா இருந்திருக்கும்?

மிச்சமிருந்த இரண்டு கோழிகளின் எச்சத்தை ஒரு சிறு புட்டியில் எடுத்துக்கொண்டு, நமக்குப் பழக்கமான கால்நடை வைத்தியரிடம் போனோம். பூதக்கண்ணாடியில் உருண்டைப் புழுவின் முட்டைகள் ஒன்றிரண்டு தெரிந்தன. நாம் முகம் மாறியதைப் பார்த்து வைத்தியர் சிரித்தார். "ஐயா, கொல்லையில் திரியும் கோழிக்கு இந்தப் பூச்சிகூட இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டார்: "செத்த கோழியை என்ன செய்தீர்கள்?" புதைத்துவிட்டதைச் சொன்னோம். "அப்படியானால் உங்கள் கேள்விக்குப் பதிலையும் அதோடு புதைத்துவிட்டீர்கள்" என்றார்.

உண்மைதான். அவர் விளக்கியதைக் கேட்டபோது, நாம் நினையாத வேறு பல காரணங்களும் இருப்பது தெரிந்தது. வெள்ளைக்கழிச்சல் என்று நம் பெண்கள் சொல்லும் ராணிக்கேத் நோய் கூட்டத்தையே சில நாட்களில் வாரிக்கொண்டு போகும். இந்த நோய் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தருகே 1926-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஓரிரு வருஷங்களில் இமயமலைச் சாரலில் உள்ள ராணிக்கேத்தில் தென்பட்டதால் இந்தியாவில் அந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. அதே மலைப் பிரதேசத்து முக்தேஸ்வர் ஆராய்ச்சிச் சாலையில் ஹாடோ, இட்னானி என்ற இருவர் பக்குவப்படுத்திய தடுப்பூசி விவரம் 1946-இல் வெளிவந்தது. நம் மாகாணத்தில் 1932-இல் தோன்றிய நிலையமும் அந்தத் தடுப்பு மருந்தைச் செய்து வந்தது. அது அமைந்த ஊர் ராணிப்பேட்டை! ராணிக்கேத் நோய்க்கு ராணிப்பேட்டையில் மருந்து என்பது தற்செயல் பொருத்தமே ஆயினும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நமது மற்றக் கோழிகள் இரண்டும் சுகமாயிருப்பதால் இந்தக் குற்றவாளியை விடுதலை செய்துவிட்டோம்.

வைத்தியர் அதிகமாகச் சந்தேகித்தது வேறொன்றை. காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்து வளர்த்துப் பண்ணைக் கோழியை முந்நூறு வரை இடச் செய்திருக்கிறான். நாட்டுக் கோழி அவ்வளவு இடாவிட்டாலும், காட்டு மூதாதையைவிடப் பல மடங்கு இடுகிறது. கோழிக்குச் சாதாரணமாக இடப்பக்கத்துச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்யும். வயதான கோழிகளுக்கு அதில் புற்று உண்டாவது மிகவும் சகஜம். ஸ்திரீகளுக்கு வரும் அதே வியாதியை அறிவதற்குக் கோழியை வைத்து ஆராய்ச்சி நடத்தும் அளவுக்குச் சகஜம். வெளிறிய கொண்டை, இளைப்பு, சோர்வு எல்லாம் அதற்கும் பொருந்தும். வயிற்றுப் பூச்சிக்கும் பொருந்தும். வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய வழியில்லை.

இதில் இன்னொரு சங்கடம். பண்ணைகளில் ஒன்றரை வயதானதும் முட்டைக் கோழியைக் கழித்துவிடுகிறார்கள். வைத்திய நூல்களும் கூட்டமாக வளரும் இளங்கோழிகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. கிழக்கோழியைப் பற்றி அறிந்தவர் குறைவு. ஏனெனில் கிழமாகும் வரை கோழியை யாரும் விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் பீனட் என்ற கோழி இருபத்தொரு வயதுவரை வாழ்ந்து 2023-இல் கிறிஸ்துமஸ் தினத்தன்று இறந்தது என்றால், அந்த ஜாதிக்கு ஆயுள் இல்லை என்பதல்ல. நாம் கொடுப்பதில்லை என்பதே விஷயம்.

பதில் தெரிந்திருக்கக்கூடிய இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கிற்று. 1936-இல் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்து, தேசத்திலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவப் பட்டம் அளிக்கலாயிற்று. மாட்டின் மூக்கில் தங்கிக் குறட்டை நோயை உண்டாக்கும் இரத்தப் புழுவை 1933-இல் வகைப்படுத்திப் பெயரிட்ட எம். ஆனந்தநாராயண ராவ் இக்கல்லூரியைச் சேர்ந்தவர். இன்றும் அந்தப் புழுவின் விஞ்ஞானப் பெயரோடு ராவ் என்ற பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. ஒட்டுண்ணி சாஸ்திரம் இப்படி வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு, பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தை ஒரு தயக்கத்தால் நாம் தாண்டாமல் விட்டோம்.

ஆகவே கோழி வளர்க்கும் நேயர்களுக்கு, நாம் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறோம். வாரம் ஒருமுறை கோழியைக் கையில் எடுத்து மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். இறகு மறைக்கும் இளைப்பை விரல் கண்டுகொள்ளும். கழிவாய் இறகை விலக்கி ஈர் உண்டா என்று பாருங்கள். நனையாத இடத்தில் மணலும் சலித்த விறகுச் சாம்பலும் கலந்து வையுங்கள். மருந்து கொடுத்தால் வைத்தியர் சொன்ன நாள்வரை முட்டையை உண்ணாதீர்கள். கோழியின் பேனும் குடற்புழுவும் மனிதரிடம் குடியேறுவதில்லை. ஆயினும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது அவசியம். கோழி இறந்து காரணம் அறிய வேண்டுமானால், சென்னை வெயிலில் சில மணி நேரத்தில் உடல் கெட்டுவிடும். உறையில் கட்டிப் பனிக்கட்டியின் நடுவே வைத்து, உறையவிடாமல், அன்றே கொண்டு போங்கள். பல கோழிகள் திடீரென்று ஒன்றாக மடிந்தால் மட்டும் தொடவும் வேண்டாம், தூக்கிப் போகவும் வேண்டாம். கால்நடை இலாகாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். 2006-இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் தலைகாட்டிய பிறகு இந்த எச்சரிக்கை தேசம் முழுவதற்கும் வேண்டியதாகிவிட்டது.

இவ்வளவும் அறிந்துகொண்டு ஒரு மாலை தாயாரிடம் உட்கார்ந்தோம். பேன் கொன்றதாகச் சொல்ல முடியாது. பூச்சி கொன்றதாகவும் சொல்ல முடியாது. சினைப்பை வியாதியாயிருந்தால் முன்னால் பார்த்திருந்தாலும் பிழைத்திருப்பது துர்லபம். ஆனால் நிச்சயமாக ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பத்தை விட்டுவிட்டோம் என்று உள்ளபடி சொன்னோம். அந்த மூன்று வாரம் பேசாமல் இருந்தது நமது தவறு என்றும் சொன்னோம்.

தாயார் சற்று நேரம் முருங்கை மரத்தையே பார்த்திருந்தார். "வயதானால் எல்லோருக்கும்தான் ஏதாவது வந்து ஒட்டிக்கொள்கிறது. அதுதான் கொன்றது என்று எதற்குச் சொல்ல வேண்டும்?" என்றார். பிறகு, "சாம்பல் தீர்ந்துவிட்டது. நாளைக்குக் கொஞ்சம் வாங்கி வா, இந்த இரண்டுக்கும் வேண்டும்" என்றார்.

அதன்பின் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வேறு ஒரு காரியம் செய்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு கோழிகளையும் மடியில் வைத்து மார்பெலும்பைத் தடவிப் பார்க்கிறார். இம்முறை ஏதாவது தட்டுப்பட்டால் காத்திருப்பதில்லை என்று இருவரும் தீர்மானித்திருக்கிறோம். அதற்குப் பிறகும் காலம் முடிந்துவிட்டால், வேப்பேரிக்குக் கொண்டு போவதற்கும் தாயார் சம்மதித்துவிட்டார்.