அலங்கார விளக்குச் சரமும் அதன் மின்சாரமும்

புரட்டாசி மாதத்துப் பிரம்மோற்சவத்தின்போது திருமலைக் கோபுரத்திலும் மாடவீதிகளிலும் ஒளிரும் விளக்குகளைக் காணாத சித்தூர், திருப்பதி வட்டாரத்தார் இலர் எனலாம். வினாயக சதுர்த்தியன்று காணிப்பாக்கத்திலும், கார்த்திகையில் திருச்சானூரிலும், டிசம்பர் இறுதியில் கிறிஸ்தவ ஆலயங்களிலும் வீட்டு வாயில்களிலும் அதே வகை விளக்குச் சரங்கள் தொங்குகின்றன. சட்டத்தில் சங்கும் சக்கரமுமாக அமைந்தாலும், காகித நட்சத்திரத்தினுள் அமைந்தாலும், சரத்தின் மின்னியல் ஒன்றே. கடைத் தெருவில் இதற்கு வழங்கும் பெயர் ‘சீரியல் செட்’ என்பது. இப்பெயரிலேயே அதன் இயல்பு முழுவதும் அடங்கியுள்ளது. அதனால் விளையக்கூடிய அபாயமும் அதிலேயே அடங்கியுள்ளது.

மின் விளக்குகளால் கிறிஸ்துமஸ் மரத்தை முதன்முதலில் அலங்கரித்தவர், எடிசனுடன் பணியாற்றிய எட்வர்டு ஜான்சன் என்பவர். 1882-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் தம் இல்லத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் 80 விளக்குகளை அவர் ஒளிரச் செய்தார். இன்றைய மலிவான சரம் இதற்குப் பல ஆண்டுகள் பிற்பட்டது.

சரத்தைப் பற்றி அறிய நான்கு சொற்கள் போதும். மின்னோட்டத்தை உந்தும் விசை மின்னழுத்தம். அதன் அளவு வோல்ட். ஓடும் மின்சாரத்தின் அளவு ஆம்பியர். ஓட்டத்தைத் தடுக்கும் இயல்பு மின்தடை. அதன் அளவு ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிடைப்பது வாட், அதாவது மின்திறன். தடையையும் ஓட்டத்தையும் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும் என்பது ஓம் என்பவர் 1827-இல் வெளியிட்ட விதி.

நம் நாட்டில் வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். சரத்திலுள்ள சிறு விளக்கோ 6 வோல்ட்டைத்தான் தாங்கும். ஆகவே அத்தகைய விளக்குகள் நாற்பதை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால், ஒவ்வொன்றின் பங்கும் 5.75 வோல்ட் ஆகிறது. இதுவே தொடரிணைப்பு. வீட்டுக் கூடத்து விளக்குகள் இவ்வாறன்றிப் பக்க இணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது, ஒன்று அணைந்தால் மற்றவை அணைவதில்லை. சரத்தில் ஓடுவது 0.1 ஆம்பியர் எனக் கொண்டால், அதன் மொத்தத் தடை 2,300 ஓம். செலவாகும் திறன் 23 வாட். அணைந்து குளிர்ந்த விளக்கைத் தடைமானியால் அளப்போர் இக்கணக்கை நம்பமாட்டார்கள். டங்ஸ்டன் இழை குளிர்ந்த நிலையில் காட்டும் தடை, ஒளிரும் நிலையிலுள்ள தடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. கருவியில் பிழையில்லை.

ஒரு விளக்கின் இழை அறுந்தால் சரம் முழுவதும் இருள வேண்டும். ஆயினும் பல சரங்களில் அந்த ஒரு விளக்கு மட்டுமே அணைகிறது. விளக்கினுள் இழையைத் தாங்கும் இரு கம்பிகளின் அடியில் மெல்லிய கம்பியொன்று சில சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். இதற்கு ஷண்ட் என்று பெயர். அதன்மீது மின்சாரத்தைக் கடத்தாத ஆக்ஸைடு பூச்சு உண்டு. 6 வோல்ட்டுக்கு அப்பூச்சு அசையாது. இழை அறுந்தவுடன் முழு 230 வோல்ட்டும் அவ்விடத்தில் வந்து நிற்கவே, பூச்சு உடைந்து, கம்பி மாற்று வழியாகிறது. விளக்கு தன் குழியில் தளர்ந்தாலோ, வெளியே பிடுங்கப்பட்டாலோ ஷண்டினால் பயனில்லை. முழுச் சரமும் அணைந்திருந்தால் தளர்ந்த விளக்கையும் அறுந்த கம்பியையும் முதலில் தேடுவது இதனால்தான்.

ஷண்ட் செய்யும் உதவிக்கு விலை உண்டு. பத்து விளக்குகள் அணைந்தும் சரம் எரிகிறதென்றால், எஞ்சிய முப்பதும் ஆளுக்கு 7.6 வோல்ட்டுக்கு மேல் சுமக்கின்றன. அழுத்தம் ஐந்து சதவீதம் மிகுந்தாலே இழையின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஒன்றிரண்டு விளக்குகள் அணைந்த அன்றே மாற்றாத சரம், பிறகு இரண்டொரு இரவுகளில் மளமளவென்று கெடுவதன் காரணம் இதுவே.

மேலே கூறிய ஒரு செய்தியை மீண்டும் நோக்க வேண்டும். அறுந்த இடத்தில் முழு 230 வோல்ட் நிற்கிறது. ஓட்டம் இல்லாதபோது மற்ற முப்பத்தொன்பது விளக்குகளில் எதிலும் அழுத்தம் செலவாவதில்லை; ஓம் விதிப்படி ஓட்டம் சுழியானால் தடையின் பங்கும் சுழியே. ‘சின்னப் பல்பு, சின்ன மின்சாரம்’ என்னும் எண்ணத்துடன் சிறுவன் ஒருவன் காலிக் குழியின் இரு தகடுகளிலும் விரல் வைத்தால் அவன் தொடுவது 6 வோல்ட்டை அன்று. உடலின் தடை 1,500 ஓம் என்றும் சரத்தின் தடை 2,300 ஓம் என்றும் கொள்வோமாயின், உடலில் 60 மில்லி ஆம்பியர் பாயும். விளக்குகள் குளிர்ந்திருக்கையில் ஓட்டம் இதனினும் மிகும். உயிர்காக்கும் கசிவுத் துண்டிப்பான் பொதுவாக 30 மில்லி ஆம்பியரிலேயே செயற்படுமாறு அமைக்கப்படுகிறது. அக்கருவியும் இங்கே முழுக் காவலாகாது. அது கவனிப்பது, பேஸ் கம்பியில் சென்றதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்பதையே. சிறுவன் உலர்ந்த பலகைமேல் நின்று இரு தகடுகளையும் பற்றினால் அவனும் சரத்தின் மற்றொரு விளக்கைப் போலவே ஆகிறான். கருவிக்கு வேறுபாடு தெரியாது. ஈரத் தரையில் நின்றால் கருவி செயற்படும்.

புதிய எல்.இ.டி. சரங்களில் இவ்வபாயம் இல்லை என்று பலர் கருதுகின்றனர். சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 2 வோல்ட்டும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் ஏறக்குறைய 3 வோல்ட்டும் தேவை. அது ஓம் விதிக்குக் கட்டுப்படாத பொருள். அழுத்தம் சிறிது மிகுந்தால் ஓட்டம் பன்மடங்காகும். ஆகையால் ஓட்டத்தை வரையறுக்கத் தடையொன்று கூடவே வைக்கப்படுகிறது. பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கண்டதற்காக அகசாகி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. வெப்பம் குறைவு, செலவு குறைவு என்பன உண்மையே. எனினும் மின்மாற்றி இல்லாமல் நேரே பிளக்கில் செருகப்படும் மலிவான சரத்தில், மாறுமின்சாரம் நேராக்கப்படுகையில் உச்ச அழுத்தம் 325 வோல்ட் வரை எட்டும். வழக்கமாகப் பிளக்கை ஒட்டியிருக்கும் சிறு பெட்டி விளக்குகளை மின்னி மின்னி அணையச் செய்வதற்கு மட்டுமே ஆனதா, அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றியும் உடையதா என்பதை அதன்மேல் அச்சிட்டுள்ள வெளியீட்டு வோல்ட்டைப் படித்தே அறியலாம்.

இவ்வட்டாரத்தில் விழாக்காலமும் மழைக்காலமும் ஒருங்கே வருகின்றன. பந்தலின் இரும்புக் குழாய்மீது சரத்தைக் கட்டுவோர், முறுக்கி இணைத்த கம்பி முனைகளை வெறுமனே விடக்கூடாது. ஒரு சரத்தின் நுனியில் மற்றொன்றைச் செருகிக்கொண்டே போனால் முதற்சரத்தின் மெல்லிய கம்பி அனைத்தின் ஓட்டத்தையும் சுமக்கும். வீட்டு பியூஸ் அதற்கு முன்னரே உருகும் என்று எதிர்பார்க்க இயலாது.

வகுப்பில் இதனைக் காட்ட 230 வோல்ட் வேண்டியதில்லை. நான்கு டார்ச் செல்களைத் தொடுத்தால் 6 வோல்ட் கிடைக்கும். அதில் 2.5 வோல்ட் டார்ச் பல்புகள் மூன்றைத் தொடரிணைப்பில் மாட்டி, ஒவ்வொன்றின் குறுக்கேயும் வோல்ட் மானியை வைத்தால் சுமார் 2 வோல்ட் காட்டும். நடுப் பல்பைக் கழற்றிவிட்டு, காலி ஹோல்டரின் குறுக்கே அளக்கச் சொல்ல வேண்டும். முள் 6 வோல்ட்டில் போய் நிற்கும். மாணவர்களில் பெரும்பாலோர் சுழியை எதிர்பார்த்திருப்பர். வீட்டுச் சரத்தில் அதே இடத்தில் எத்தனை வோல்ட் நிற்கும் என்று உடனே கேட்கலாம்.

சரத்தில் விளக்கை மாற்றுமுன் சுவிட்சை அணைப்பது போதாது; இருமுனைப் பிளக்கை எப்பக்கமாகவும் செருகலாமாதலால், சரத்திலேயே அமைந்த சுவிட்சு நியூட்ரலில் அமைந்துவிடக்கூடும். அப்போது விளக்குகள் இருண்டிருந்தும் சரம் முழுவதும் பேஸுடன் இணைந்தே இருக்கும். பிளக்கையே வெளியே எடுத்துக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு விளக்கை மாற்றுதல் வேண்டும்.