செலவு போக மிஞ்சும் குளோரின்

தெளிந்த தண்ணீர். அடியில் கிடக்கும் காசுகூடக் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் கிருமிநாசினி ஊற்றினால் இன்னும் சுத்தமாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் திரவக் குளோரினை ஊற்றிய சிறிது நேரத்தில் அந்த நீச்சல் குளம் பச்சையாக மாறுகிறது. பாசி படர்ந்த மங்கல் பச்சையாக இல்லாமல், கண்ணைப் பறிக்கும் பச்சை. சில குளங்கள் பழுப்புக்கோ ஆரஞ்சுக்கோ போகும். அதன்பின் தண்ணீர் வெண்மையாகக் கலங்கும். ஒரு வாரம், சில வேளை இரண்டு வாரம் விடாமல் குளோரின் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒருநாள் காலையில் மறுபடியும் பளிச்சென்று தெளிந்திருக்கும்.

அமெரிக்காவில் வீட்டுக் கொல்லைப்புற நீச்சல் குளங்கள் மட்டும் சுமார் ஒரு கோடி இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் குளோரின்தான் காவல். ஒரு சிறு பகுதியினர் மட்டும் குளோரினே வேண்டாம் என்று பைகுவானைடு என்ற வேறொரு கிருமிநாசினியை நம்புகிறார்கள். அந்த முறையைக் கைவிட்டுக் குளோரினுக்கு மாறும்போது நடப்பதுதான் மேலே சொன்ன வண்ணக் கூத்து. இந்த மாற்றத்தில் கிருமிகளைக் கொல்வதற்கு இயற்கையும் மனிதனும் கண்ட இரண்டு வழிகள் நேருக்கு நேர் மோதுகின்றன. அதுவும் வீட்டுக் கொல்லையில், எல்லோரும் பார்க்கும்படி.

குளத்தில் ஊற்றும் சரக்கின் முழுப் பெயர் பாலிஹெக்சாமெத்திலீன் பைகுவானைடு. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் அதன் குடும்பம் நமக்கு ரொம்ப நெருக்கம். சர்க்கரை நோய்க்காரர்கள் சாப்பாட்டோடு விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரை ஒரு பைகுவானைடு. வாய் கொப்பளிக்கச் சொல்லி பல் டாக்டர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் இன்னொன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவன வேதியியலாளர்கள் மலேரியாவுக்காகக் கண்டுபிடித்த புரோகுவானிலும் இதே குடும்பம்தான். கான்டாக்ட் லென்ஸை ஊறவைக்கும் திரவங்கள் சிலவற்றில், குளத்தில் ஊற்றும் அதே பொருள் துளியூண்டு கலந்திருக்கும்.

குளத்துப் பைகுவானைடு ஒரு நீண்ட சங்கிலி மூலக்கூறு. அதன் நெடுகிலும் நேர்மின்னூட்டம். பாக்டீரியாவின் மேலுறையிலோ எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, சங்கிலி போய் உறையில் ஒட்டிக்கொள்கிறது. உறையின் அடுக்கு குலைகிறது. உள்ளே இருப்பது வெளியே கசிந்து பாக்டீரியா சாகிறது. வெயில் பட்டாலும் இந்தப் பொருள் சீக்கிரம் அழியாது. மணம் இல்லை. கண் எரிச்சல் குறைவு. குளோரின் மணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தேடிப் போனதில் வியப்பில்லை.

அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பைகுவானைடுக்கு ஒட்டத் தெரியும், எரிக்கத் தெரியாது. குளத்தில் விழும் வியர்வை, உடம்பில் பூசிய சன் ஸ்கிரீனின் எண்ணெய், இலைச்சாறு, செத்த பாக்டீரியாவின் மிச்சசொச்சம் எல்லாம் தண்ணீரிலேயே தங்கிவிடும். அவற்றை எரிக்க அவ்வப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்ற வேண்டும். பாசிக்குத் தனியாக ஒரு மருந்து. இப்படியே சில ஆண்டுகள் ஓடும். பிறகு இந்தச் சங்கிலிக்கு அசராத உயிர்கள் குழாயின் உட்புறத்திலும் ஃபில்டரிலும் இடம்பிடிக்கும். வெள்ளையாக இழை இழையாக மிதக்கும் பூஞ்சை ஒன்று. கைக்குக் கொழகொழக்கும் இளஞ்சிவப்புப் படலம் இன்னொன்று. மருந்துச் செலவு ஏறிக்கொண்டே போகும், தண்ணீரோ மங்கலாகவே இருக்கும். அப்போதுதான் பலர் குளோரினுக்கு மாற முடிவெடுக்கிறார்கள்.

குளத்தைக் காலி செய்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பிவிட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றலாம். காலிக் குளம் ஆபத்தானது. நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்திருக்கும் இடத்தில், உள்ளே தண்ணீரின் பாரம் இல்லாவிட்டால், மண்ணுக்குள் இருக்கும் நீர் கான்கிரீட் தொட்டியையே மேலே தூக்கிவிடும். வினைல் விரிப்பு போட்ட குளமானால் விரிப்பு சுருங்கிக் கிழியும். ஆகவே இருக்கிற தண்ணீரிலேயே பைகுவானைடை எரித்துத் தீர்ப்பதுதான் பலருக்கும் வழி. எரிக்கும் வேலையைக் குளோரின் செய்கிறது.

திரவக் குளோரின் தண்ணீரில் கரைந்ததும் உருவாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம்தான் இங்கே உண்மையான வேலைக்காரன். ஹைட்ரஜன், ஆக்சிஜன், குளோரின் என்று மூன்றே அணுக்கள், மின்னூட்டம் கிடையாது. சின்ன உருவம், தடுக்க மின்னூட்டமும் இல்லை என்பதால் பாக்டீரியாவின் உறைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். அதுவே ஒரு ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்னூட்டம் பெற்றுவிட்டால் உறை அதை விரட்டுகிறது; கொல்லும் வலு பல மடங்கு குறைந்துபோகிறது. தண்ணீரின் பிஹெச் அளவு 7.5 இருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி. 8-ஐத் தொட்டால் வலுவான அமிலம் கால் பங்குதான் மிஞ்சும். குளம் பராமரிப்பவர்கள் பிஹெச்சைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு இதுதான் காரணம்.

உள்ளே நுழைந்த அமிலம் புரதங்களைத் தாக்குகிறது, முக்கியமாக அவற்றில் கந்தகம் இருக்கும் இடங்களை. 2008-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: கொதிநீரில் போட்ட முட்டையின் வெள்ளைக்கரு இறுகிப்போவதுபோல, ஹைப்போகுளோரஸ் அமிலம் பட்ட பாக்டீரியாவின் புரதங்கள் மடிப்பவிழ்ந்து ஒன்றோடொன்று கட்டிக்கொள்கின்றன. சூடே இல்லாமல் நடக்கும் வேக்காடு. சாதாரண நீச்சல் குளத்துத் தண்ணீரில், லிட்டருக்கு ஒரே ஒரு மில்லிகிராம் குளோரின் இருந்தால், ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும்.

இந்த அமிலத்தை மனிதன் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் என்னை மறுபடி மறுபடி அசரவைக்கிறது. இந்த வரியைப் படிக்கும் உங்கள் இரத்தத்தில் அதைத் தயாரிக்கும் பட்டறைகள் கோடிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணு ஒரு கிருமியை விழுங்கியதும், அதை ஒரு சிறு பைக்குள் அடைத்து, அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக வழி செய்கிறது. மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி அந்தப் பெராக்சைடையும் நம் உடம்பு உப்பில் உள்ள குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலமாக்கிக் கிருமியின்மேல் பாய்ச்சுகிறது. அந்த நொதிக்கு இயல்பிலேயே பச்சை நிறம். சளியும் சீழும் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் அதனால்தான். ஊர்க் கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போடும் பஞ்சாயத்துப் பணியாளர் கிணற்று நீரில் உண்டாக்குவதும், காயத்துக்குள் வெள்ளணு உண்டாக்குவதும் ஒரே பொருள்.

வெள்ளணுவுக்குள் பெராக்சைடிலிருந்து பிறக்கிற அமிலம், குளத்தில் அதே பெராக்சைடைச் சந்தித்தால் கதை தலைகீழாகிவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு உப்பாகவும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் முடிகின்றன. இப்படிப் பிறக்கும் ஆக்சிஜன் நாம் மூச்சில் இழுக்கும் சாதுவான ஆக்சிஜன் இல்லை. கூடுதல் ஆற்றலோடு பிறக்கிறது. அந்த ஆற்றலை ஒளியாகவும் உதறிவிடக்கூடும். இருட்டான ஆய்வுக்கூடத்தில், காரம் கலந்த பெராக்சைடுக்குள் குளோரின் வாயுவைக் குமிழியிட வைத்தால் திரவம் சிவப்பாக ஒளிரும். தீ இல்லை, மின்சாரம் இல்லை, இரண்டு கிருமிநாசினிகள் மோதிக்கொண்ட வெளிச்சம். குளத்துத் தண்ணீரில் இரண்டுமே மிகவும் நீர்த்திருப்பதால் அந்த ஒளி நம் கண்ணுக்கு எட்டாது.

பர்ஸுக்கு எட்டும். ஒரு பங்கு பெராக்சைடு இரண்டு பங்குக்குச் சற்று அதிகமான குளோரினைத் தின்றுவிடும். 60,000 லிட்டர் குளத்தில், லிட்டருக்கு 30 மில்லிகிராம் பெராக்சைடு மிச்சமிருந்தால், அதைத் தீர்க்க மட்டுமே 10 சதவீதத் திரவக் குளோரின் 36 லிட்டருக்கு மேல் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் அதனால்தான் பழைய மருந்துகளை நிறுத்திவிட்டுச் சில வாரம் பொறுத்திருக்கிறார்கள். வெயில் செலவில்லாமல் பெராக்சைடைத் தீர்த்துவைக்கும்.

பிறகு போர் தொடங்குகிறது. பிஹெச்சை 7.2 அளவுக்கு இறக்கிவைத்து, பம்ப்பை நிறுத்தாமல் ஓடவிட்டு, லிட்டருக்கு 15 மில்லிகிராம் வரும்படி குளோரின் ஊற்றுவார்கள். 60,000 லிட்டர் குளத்துக்கு அது 9 லிட்டர். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சியிருக்காது. மறுபடி ஊற்ற வேண்டும். நிறங்கள் தோன்றுவது இந்தக் கட்டத்தில்தான். குளோரின் பைகுவானைடு சங்கிலியைத் துண்டு துண்டாக அறுக்கும்போது, இடையில் உருவாகும் சில பொருள்கள் ஒளியை விழுங்கி நிறம் காட்டுகின்றன. நிறமே இல்லாத மெட்ஃபார்மின் கரைசலில் குளோரின் சேர்த்தாலும் மஞ்சள் நிறப் பொருள் ஒன்று உருவாவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள், குடும்பக் குணம். குளோரினைத் தொடர்ந்து கொடுத்தால் அந்த நிறப் பொருள்களும் வெந்து வெளிறிப்போகும். பாதியில் பயந்து நிறுத்தியவர்களின் குளம்தான் பச்சையிலேயே நின்றுவிடுகிறது.

இந்த நாட்களில் குளத்துக்காரருக்குக் கண்ணாக இருப்பது ஒரு சின்னச் சோதனைக் குப்பி. பத்து மில்லிலிட்டர் குளத்து நீர். அதில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. குளோரின் இருந்தால் தண்ணீர் உடனே இளஞ்சிவப்பாகும். இன்னொரு புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் சட்டென்று மறையும் சொட்டு எத்தனையாவது என்று எண்ணுவார்கள். ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு அரை மில்லிகிராம் கணக்கு. அதன்பின் மூன்றாவது புட்டியிலிருந்து சில சொட்டு விட்டதும் போன சிவப்பு திரும்பி வந்தால், குளோரினின் ஒரு பகுதி அழுக்கோடு பிணைந்து கிடக்கிறது என்று பொருள். போர் இன்னும் முடியவில்லை.

இரவில் எடுத்த அளவும் விடியற்காலையில் எடுத்த அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, மூன்றாவது புட்டிக்குச் சிவப்பு திரும்பாமல், தண்ணீரும் தெளிந்திருந்தால் மாற்றம் முடிந்தது. இரவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் வெயில். காப்பு எதுவும் சேர்க்காத குளோரினில் பாதியை நடுப்பகல் வெயில் ஒரு மணி நேரத்துக்குள் அழித்துவிடும். இருட்டில் குறைந்தால் அது அழுக்கின் வேலை. எல்லாம் எரிந்து தீர்ந்தபின்தான் வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் அது குளோரினைத் தன்னோடு பிடித்துவைத்து எரிக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். ஃபில்டரில் உள்ள மணலையும் மூட்டை மூட்டையாக அள்ளிப் போட்டுவிட்டுப் புது மணல் நிரப்ப வேண்டும். மணலின் பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆண்டுக்கணக்கில் பைகுவானைடு அதில் அப்பிக்கிடக்கும்.

இவ்வளவையும் கவனித்துப் பார்த்தால், எவ்வளவு குளோரின் ஊற்றினோம் என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை என்று புரியும். செலவு போக எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கணக்கு. குடிநீரிலும் இதேதான். 1908 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குப் போகும் தண்ணீரில் டாக்டர் ஜான் லீல் குளோரின் கலக்கத் தொடங்கினார். ஒரு நகரத்தின் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் சேர்த்த ஆரம்ப முயற்சிகளில் அது முக்கியமானது. இன்று இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. மேல்நிலைத் தொட்டியில் எத்தனை கிலோ ப்ளீச்சிங் பவுடர் கரைத்தார்கள் என்பதைவிட, தெருக்கோடிக் குழாயில் இந்த 0.2 வந்து சேர்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த வாடையையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். குளோரின் அதிகம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா, அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. கண் எரிவதும் பெரும்பாலும் அதனால்தான். வாடை தூக்கலாக இருந்தால் குளோரின் வேறு வேலையில் செலவாகிக்கொண்டிருக்கிறது, கிருமியை எதிர்க்க மிஞ்சியிருப்பது குறைவாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

குளோரினுக்கும் எல்லை உண்டு. ஹெபடைடிஸ் ஏ வைரஸைத் தீர்க்க அதற்குச் சுமார் 16 நிமிடம் போதும். ஜியார்டியாவுக்கு 45 நிமிடம். ஆனால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் தடித்த ஓட்டுக்குள் பதுங்கிக்கொண்டு, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் உள்ள தண்ணீரில் பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். இதைக் குளத்துக்குள் வரவிடாமல் தடுப்பது மனிதர்கள் கையில்தான் இருக்கிறது.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு அனுப்புகிறவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். குளத்தில் இறங்கும் முன் ஒரு நிமிடமாவது உடம்பை நன்றாகக் கழுவிவிட்டு இறங்கச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களிலும், நின்ற பிறகு இரண்டு வாரத்துக்கும் பிள்ளையைக் குளத்துக்கு அனுப்பாதீர்கள்.