கைபேசியின் ஆயுட்காலம்

பெங்களூர் நகருக்குத் தெற்கே, ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் தாலுக்காவில் அமைந்துள்ளது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. தமிழ்நாட்டின் எல்லை சிறிது தூரத்திலேயே இருப்பதால், ஓசூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வேலைக்கு வருவோர் பலர். 2025 ஆகஸ்ட் 10 ஆம் தேதி திறக்கப்பட்ட பெங்களூர் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம், 16 நிலையங்களுடன், பொம்மசந்திராவில் வந்து முடிகிறது.

இத்தகைய இடத்தில் ஒரு தொழிலாளியின் ஸ்மார்ட்போன் பேசுவதற்கு மட்டும் உதவும் கருவியன்று. ரயில் சீட்டும் அதுவே, பணப்பையும் அதுவே, மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பும் மணியார்டரும் அதுவே. மத்திய அரசாங்கத்தின் புள்ளியியல் அமைச்சகம் 2025 ஜனவரி முதல் மார்ச் வரை நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களுள் 85.5 சதவிகிதக் குடும்பங்களில் குறைந்தது ஒரு ஸ்மார்ட்போனாவது உள்ளது. ஆகவே, இக்கருவியை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது என்னும் கேள்வி ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களின் வரவு செலவையும் தொடும் கேள்வியாகும்.

"கருவி பழையதாகிவிட்டது, மாற்றிவிட்டோம்" என்றே பெரும்பாலோர் சொல்வர். ஆனால் கருவியின் எல்லா உறுப்புகளும் ஒருங்கே பழையனவாகிவிடுவதில்லை. சைக்கிளின் டயர் தேய்ந்தால் டயரை மாற்றுகிறோமேயன்றிச் சைக்கிளை எறிந்துவிடுவதில்லை. கைபேசியிலும் முதலில் தேய்வது எது, அதனை மட்டும் மாற்ற இயலுமா என்பவற்றை அறிந்துகொண்டால், கருவியை மாற்ற வேண்டிய காலத்தைத் தக்கபடி தீர்மானிக்கலாம்.

முதலில் தேய்வது பாட்டரி

கைபேசியின் உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லுகளில் அசையும் பாகங்கள் இல்லை. தண்ணீரும் அதிர்ச்சியும் தாக்காவிடில் அவை பல்லாண்டுகள் இயங்கும். பாட்டரி அத்தகையதன்று. அதனுள் ஓயாமல் ரசாயன மாற்றம் நடைபெறுகிறது.

இன்றைய கைபேசிகளில் உள்ளது லித்தியம் அயனி பாட்டரி. 1991 இல் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதனை உருவாக்கியதற்காகக் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019 இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு மறுமுனையிலுள்ள கிராஃபைட்டுக்குள் சென்று தங்குகின்றன. கருவியை உபயோகிக்கும்போது அவை திரும்பி வருகின்றன. இவ்வாறு போய்வரும்போது கிராஃபைட்டின் மேற்பரப்பில் மெல்லிய படலம் ஒன்று சிறிது சிறிதாகப் படிகிறது. அப்படலத்தில் சிக்கிய லித்தியம் மீண்டும் பயன்படுவதில்லை. இதனால் பாட்டரியின் கொள்ளளவு குறைகிறது, உள்தடை மிகுகிறது. உள்தடை மிகுந்த பாட்டரியால் திடீரென்று அதிக மின்சாரத்தைத் தர இயலாது. இருபது சதவிகிதம் மீதி இருப்பதாகத் திரை காட்டும்போதே பழைய கைபேசி அணைந்துபோவதன் காரணம் இதுவே.

பாட்டரியின் வயதை ஆண்டுகளால் அளப்பதினும் சுற்றுகளால் அளப்பதே பொருத்தமாகும். முழுக் கொள்ளளவு ஒரு முறை செலவானால் அது ஒரு சுற்று. இன்று பாதி, நாளை பாதி செலவானால் இரண்டும் சேர்ந்து ஒரே சுற்றுதான். ஐபோன் 14 வரையிலான வகைகளின் பாட்டரி, தக்க சூழ்நிலையில், 500 சுற்றுகளுக்குப் பின் முதற் கொள்ளளவில் 80 சதவிகிதத்தை வைத்திருக்குமாறு அமைக்கப்பட்டதாக ஆப்பிள் நிறுவனம் அறிவித்துள்ளது. ஐபோன் 15 வகைகளுக்கு இது 1,000 சுற்றுகள்.

500 சுற்றுப் பாட்டரியை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு அரைச் சுற்று செலவழிப்பவருக்கு 80 சதவிகித நிலை வர 2 ஆண்டு 9 மாதம் ஆகும். இரவு ஷிப்டிலும் பஸ் பயணத்திலும் படம் பார்த்து, நாள்தோறும் ஒரு முழுச் சுற்றைச் செலவழிப்பவருக்கு 1 ஆண்டு 4 மாதத்தில் அந்நிலை வந்துவிடும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரு கருவிகள் இரு வேறு காலங்களில் "பழையதாகி" விடுவதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

உஷ்ணம் இத்தேய்வை விரைவுபடுத்தும். சுற்றுப்புற உஷ்ணநிலை 35 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படாதிருப்பது நலம். மோட்டார் சைக்கிளின் முன்புறத்தில் வெயில்படக் கைபேசியை மாட்டி ஓட்டுவதும், தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் செய்வதும் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

2018 இல் கிடைத்த சான்று

மக்கள் புதிய கருவியை நாடுவது ஆசையாலா, பாட்டரியின் தளர்ச்சியாலா என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. பாட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்க, அவற்றின் வேகத்தை மென்பொருளால் குறைத்து வந்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. கண்டனம் எழவே, 79 டாலராக இருந்த பாட்டரி மாற்றும் கட்டணத்தை 2018 ஆம் ஆண்டு முழுவதற்கும் 29 டாலராகக் குறைத்தது. 2019 ஜனவரி 2 ஆம் தேதி அந்நிறுவனத்தின் தலைவர் டிம் குக் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில், வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று தெரிவித்தார். சீனாவில் ஏற்பட்ட மந்தமே முக்கிய காரணமெனினும், வேறு சில நாடுகளில் புதிய கருவிக்கு மாறுவோர் தொகை குறைந்ததற்கான காரணங்களுள் மலிவான பாட்டரி மாற்றத்தையும் அவர் குறிப்பிட்டார்.

தேய்ந்த உறுப்பை மலிவாக மாற்றும் வசதி இருந்தால், மக்களில் ஒரு பகுதியினர் பழைய கருவியையே வைத்துக்கொள்கின்றனர் என்பது இதனால் பெறப்படும்.

மென்பொருளின் வயது

பாட்டரிக்கு அடுத்தபடியாகக் கருவியை ஓய்வுபெறச் செய்வது மென்பொருள். இயங்குதளத்தில் அவ்வப்போது கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்பிவருகின்றனர். இவை நின்றுபோன கருவி தொடர்ந்து இயங்கும். ஆனால் கதவின் பூட்டு பழுதான வீட்டைப் போன்றது அது. வங்கிக் கணக்குடன் இணைந்த செயலிகளை அதில் வைத்திருப்பது ஆபத்து.

கூகுள் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட பிக்சல் 8 வகைக்கும், சாம்சங் நிறுவனம் 2024 இல் வெளியிட்ட கேலக்ஸி எஸ் 24 வகைக்கும் 7 ஆண்டுகள் திருத்தங்கள் அளிப்பதாக அறிவித்தன. விலை குறைந்த வகைகளுக்கு இக்காலம் பெரும்பாலும் இதனினும் குறைவு. ஆகவே விலை, காமிரா ஆகியவற்றை விசாரிப்பவர்கள், "இதற்குத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும்?" என்பதையும் கேட்டறிதல் அவசியம். கடையில் இரண்டாண்டுகள் கிடந்த பழைய வகையை மலிவு விலைக்கு வாங்குபவர், அதன் ஆயுளில் இரண்டாண்டுகளை இழந்தே வாங்குகிறார்.

விருப்பமும் நிர்ப்பந்தமும்

சில சமயங்களில் மாற்றம் வெளியிலிருந்து வருகிறது. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ சேவை 4ஜி முறையில் மட்டும் இயங்கியது. அம்முறைக்கு ஏற்பில்லாத கருவிகளை வைத்திருந்தோர் அச்சேவையைப் பெற இயலவில்லை. ஆனால் 2022 அக்டோபர் 1 ஆம் தேதி 5ஜி தொடங்கியபோது 4ஜி நின்றுவிடவில்லை. 4ஜி கைபேசியால் பேசவும் பணம் அனுப்பவும் இன்றும் இயலும். முன்னது நிர்ப்பந்தம், பின்னது விருப்பம். இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

கள ஊழியர்கள் நன்கறிந்த உதாரணம் ஒன்றும் உண்டு. ஊட்டச்சத்துத் திட்டத்தின் விவரங்களைப் பதிவு செய்ய 2021 மார்ச்சில் போஷண் டிராக்கர் என்னும் செயலி அறிமுகமாயிற்று. முன்னர் வழங்கப்பட்ட கைபேசிகளில் அது சரிவர இயங்கவில்லை என்றும், பழுது பார்க்கும் செலவு தங்கள் மீதே விழுகிறது என்றும் கூறி, 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் அக்கருவிகளை அரசாங்கத்திடமே திருப்பி ஒப்படைத்தனர். பழுதுடன், புதிய செயலிக்கு ஈடுகொடுக்க இயலாமையும் சேர்ந்து அக்கருவிகளின் ஆயுளை முடித்தது. செயலி அமைப்போர் எளிய கருவிகளிலும் இயங்குமாறு அதனை அமைத்தால், லட்சக்கணக்கான கைபேசிகளின் ஆயுள் நீளும்.

வகுப்பில் போடத்தக்க கணக்கு

ஆசிரியர்கள் பின்வரும் கணக்கை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகக் கொடுக்கலாம். ஒரு கைபேசியின் விலை 15,000 ரூபாய்; பாட்டரி மாற்றும் செலவு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுக்கு ஒரு முறை மாற்றும் குடும்பம் 15 ஆண்டுகளில் 5 கருவிகள் வாங்கி 75,000 ரூபாய் செலவிடும். ஒவ்வொரு கருவிக்கும் இடையில் ஒரு முறை பாட்டரி மாற்றி, ஐந்தாண்டு உபயோகிக்கும் குடும்பம் 3 கருவிகளும் 3 பாட்டரிகளும் வாங்கி 49,500 ரூபாய் செலவிடும். மிச்சம் 25,500 ரூபாய். தம் ஊரின் விலைகளை விசாரித்து மாணவர்களே இக்கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்கலாம். பழுதுச் செலவு எந்த அளவைத் தாண்டினால் புதியது வாங்குவதே லாபம் என்பதும் அதிலேயே தெரியவரும்.

நாட்டுக்கு ஆகும் செலவு

ஐபோன் போன்ற கைபேசிகளின் முழு வாழ்நாளில் வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, அது தயாரிக்கப்படும்போதே வெளிப்பட்டுவிடுகிறது என்பது தயாரிப்பாளரின் அறிக்கைகளால் தெரிகிறது. கைபேசிக்கு நாள்தோறும் ஆகும் மின்சாரம் மிகச் சொற்பம். ஆகவே சுற்றுப்புறத்தைக் காக்கும் சிறந்த வழி, செய்த கருவியை நீண்ட காலம் உபயோகிப்பதே.

கருவியினுள் இருக்கும் உலோகங்களும் அரியவை. பத்து லட்சம் கைபேசிகளைப் பிரித்தெடுத்தால் சுமார் 16 டன் தாமிரம், 350 கிலோகிராம் வெள்ளி, 34 கிலோகிராம் தங்கம், 15 கிலோகிராம் பல்லேடியம் கிடைக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுப்புறப் பாதுகாப்பு நிறுவனத்தின் மதிப்பு. ஆயினும் 2022 இல் உலகில் சேர்ந்த 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவில் 22.3 சதவிகிதமே முறைப்படி சேகரிக்கப்பட்டு மறுபயனுக்கு வந்ததாக ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது.

பெங்களூர் வட்டாரத்தில் இக்கருவியின் வாழ்வு முழுவதையும் காணலாம். கிழக்கே கோலார் மாவட்டத்து நரசாபுராவில் கைபேசிகள் பூட்டப்படுகின்றன. தெற்கே பொம்மசந்திராவில் அவை தொழிலாளர் கைகளில் உழைக்கின்றன. வடமேற்கே தாபஸ்பேட்டையில் ஈ-பரிசரா என்னும் நிறுவனம், இந்தியாவில் அரசாங்க அனுமதி பெற்ற முதல் மின்னணுக் கழிவு நிலையமாக, 2005 இல் பணியைத் தொடங்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, ஆயுள் முடிந்த கருவிகள் மறுபயனுக்கு வருமாறு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. அவ்விதிகளின்கீழ் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஸ்மார்ட்போனின் சராசரி ஆயுளை 5 ஆண்டுகள் எனக் கணக்கில் கொள்கிறது.

நீண்ட ஆயுளுக்கு விதிகள்

சில நாடுகள் இதனை வாங்குவோரின் பொறுப்புக்கே விட்டுவிடவில்லை. கருவி எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கத்தக்கது என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும் முறையைப் பிரான்ஸ் 2021 ஜனவரியில் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைபேசிகளின் பாட்டரி, 800 சுற்றுகளுக்குப் பின்னும் 80 சதவிகிதக் கொள்ளளவை வைத்திருத்தல் வேண்டும். அவ்வகையின் விற்பனை நின்ற பின்னர், முக்கிய உதிரி உறுப்புகள் 7 ஆண்டுகளும் இயங்குதளத் திருத்தங்கள் 5 ஆண்டுகளும் கிடைத்தல் வேண்டும்.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென இணையத் தளம் ஒன்றைத் தொடங்கியது. பழுது பார்க்கும் எளிமையை மதிப்பிடும் குறியீட்டெண் பற்றி ஆராய்ந்த குழு 2025 மே மாதத்தில் தன் அறிக்கையை அத்துறையிடம் அளித்தது.

மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

கருவியை மாற்ற எண்ணுவோருக்குக் கள ஊழியர்கள் நான்கு கேள்விகளை எடுத்துச் சொல்லலாம்.

முதலாவது, பாட்டரி மட்டும்தான் குறையா? ஆம் எனில், தயாரிப்பாளரின் சேவை நிலையத்தில் விலை விசாரித்து அதனை மட்டும் மாற்றுவதே முறை. போலிப் பாட்டரிகள் ஆபத்தானவை. உப்பிய பாட்டரியைக் குத்துவதும் அழுத்துவதும் கூடாது. அக்கருவியைச் சார்ஜ் செய்யாமல் உடனே சேவை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இரண்டாவது, கருவியின் வேகம் குறைந்ததற்கு நினைவகம் நிரம்பியது காரணமா? தேவையற்ற படங்களையும் செயலிகளையும் நீக்கினாலே பல கருவிகள் மீண்டும் ஒழுங்காக இயங்கும்.

மூன்றாவது, பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றனவா? கடைசித் திருத்தத்தின் தேதியைக் கருவியின் அமைப்புப் பக்கத்தில் காணலாம். அவை நின்று நெடுநாளாகியிருந்தால் வங்கிக் காரியங்களுக்கு அதனை உபயோகிக்கலாகாது.

நான்காவது, வேலைக்கு இன்றியமையாத செயலி அதில் இயங்குகிறதா? இயங்காவிடில் மாற்றுவதில் தவறில்லை.

பின்னிரண்டு கேள்விகளுக்கும் சாதகமான விடை கிடைத்தால், கருவி மூன்றாண்டுப் பழையதாயினும் ஐந்தாண்டுப் பழையதாயினும் அதனை மாற்ற வேண்டிய அவசியமில்லை. மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், அதிலுள்ள விவரங்களை முற்றிலும் அழித்துவிட்டு, அனுமதி பெற்ற சேகரிப்பு நிலையத்திலேயே பழைய கருவியை ஒப்படைத்தல் வேண்டும்.