உலோகங்காண் கருவியும் அதன் மின்கலமும்

ஒரு கருவி எத்துணைச் சிறப்புடையதாயினும், அதனை இயக்கும் ஆற்றல் குன்றுமாயின் அது பயனற்ற பொருளாய்விடும். இவ்வுண்மை பெரிய எந்திரங்களிடத்து எல்லோராலும் உணரப்படுகின்றது. கையில் ஏந்தும் சிறு கருவிகளிடத்தோ பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. அத்தகைய சிறு கருவிகளுள் ஒன்று உலோகங்காண் கருவி. மக்கள் இதனை 'மெட்டல் டிடெக்டர்' என வழங்குவர். இதற்கு ஒருமுறை பயன்படுத்திக் கழித்துவிடும் மின்கலம் ஏற்றதோ, மீண்டும் மீண்டும் மின்னேற்றிக்கொள்ளும் மின்கலம் ஏற்றதோ என்னும் வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எழுதற்குரிய இடங்களுள் தண்டலம் ஒன்று. சென்னையினின்று பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை அடையுமுன் உள்ளது இவ்வூர். ஏரியும் நெல்வயலும் சூழ்ந்திருந்த இப்பகுதி கடந்த முப்பது ஆண்டுகளில் தொழிற்சாலைகளின் நிலமாக மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய்க் கார்கள் செய்யப்பட்டு வருகின்றன. ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டு ரெனோ–நிசான் கூட்டுத் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. இவற்றையொட்டிச் சிறியவும் பெரியவுமாகிய ஆலைகள் பல எழுந்தன. இரவு பகல் என்னாது மூன்று முறைகளாக வேலை நடைபெறும் இத்தகைய ஆலைகளின் வாயில்களில், காவலர் கையில் இக்கருவி காணப்படும். மேலும், 1991-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் இரவு, முன்னாள் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தி வெடிகுண்டால் உயிரிழந்தது இந்த ஸ்ரீபெரும்புதூரிலேயாம். ஆதலின், வாயிலிற் செய்யும் சோதனை வெறுஞ் சடங்கன்று என்பதை இவ்வூராருக்கு எடுத்துக் கூறவேண்டுவதில்லை.

முதற்கண் இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் காண்போம். இதனுள் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று உளது. மாறி மாறிப் பாயும் மின்னோட்டம் அதனுட் செல்லுங்கால், அதனைச் சூழ்ந்து காந்தப் புலம் ஒன்று தோன்றி மாறிக்கொண்டேயிருக்கும். அப்புலத்தினுள் உலோகம் ஏதேனும் வருமாயின், அவ்வுலோகத்திற் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கும். அவை சுருளின் நிலையைச் சிறிது மாற்றும். அச்சிறு மாற்றத்தை உணர்ந்து கருவி ஒலி எழுப்பும். 1881-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலிற் புதைந்த துப்பாக்கிக் குண்டைத் தேடுதற்கு, தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைக் கையாண்டார். குண்டு அகப்படவில்லை, படுக்கையிலிருந்த எஃகுக் கம்பிச் சுருள்கள் கருவியை மயக்கியிருக்கலாம் என்பர். 1942-ஆம் ஆண்டில் எல் அலமேன் போர்க்களத்தில் கண்ணிவெடிகளைத் தேடுதற்கு, போலந்து நாட்டுப் பொறியியலறிஞர் கோசாட்ஸ்கி அமைத்த கருவி பயன்பட்டது. இவையெல்லாம் மின்கலத்தை நம்பியே இயங்கின. இன்றைய கைக்கருவியும் அங்ஙனமே.

இனி, மின்கலம் என்னும் சொல்லைச் சிறிது நோக்குவோம். 'கலம்' என்பது பாத்திரத்தைக் குறிக்கும். ஒரு பாத்திரத்தில் இரு வேறு தகடுகளும் அவற்றிற்கிடையே ஓர் உப்புக் கரைசலோ காரமோ இருப்பின் அஃது ஒரு கலம். பல கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் அது கல அடுக்கு. வோல்ட்டா என்பார் 1800-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தது அத்தகைய அடுக்கேயாம். கையிலேந்தும் உலோகங்காண் கருவிகள் பலவற்றில் இடப்படும் செவ்வகப் பெட்டி வடிவினதாகிய 9 வோல்ட் 'பேட்டரி'யும் அடுக்கே. ஒவ்வொன்றும் 1.5 வோல்ட் தரும் ஆறு சிறு கலங்கள் அதனுள் அடங்கியுள்ளன. இதனை நினைவிற் கொண்டால் பின்னர்க் கூறுவன எளிதில் விளங்கும்.

ஒருமுறைக் கலங்கள் மூவகைப்படும். முதலாவது, லெக்லாஞ்சே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1866-ஆம் ஆண்டிற் கண்ட கலத்தின் வழிவந்த துத்தநாகக் கரிக் கலம். கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பது இதுவே. இதில் துத்தநாகப் பாத்திரமே எரிபொருள் போலத் தேய்வதாகலின், பழசானபின் ஓட்டை விழுந்து கசிந்து கருவியின் முனைகளை அரித்துவிடும். இரண்டாவது அல்கலைன் கலம். துத்தநாகப் பொடியும் மாங்கனீசு ஈராக்சைடும் பொட்டாசியக் காரத்தோடு சேர்ந்து இதில் வேலை செய்கின்றன. 9 வோல்ட் அளவினதாயின் ஏறத்தாழ 500 மில்லியாம்பியர்-மணி மின்னைத் தரும். பல ஆண்டுகள் கெடாது காத்திருக்கும். மூன்றாவது லித்தியம் கலம். 3 வோல்ட் கலங்கள் மூன்று சேர்ந்தது. ஏறத்தாழ 1,200 மில்லியாம்பியர்-மணி வரை தரவல்லது; விலையோ மிகுதி.

மின்னேற்றத்தக்க கலங்களுள் ஒன்று 1899-ஆம் ஆண்டில் யுங்னர் என்பார் கண்ட நிக்கல்–காட்மியம். காட்மியம் நச்சு உலோகமாதலின் இன்று அதன் வழக்குக் குன்றிவிட்டது. அதனிடத்தை நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு பற்றிக்கொண்டது. இதன் ஒரு கலம் தருவது 1.5 வோல்ட் அன்று, 1.2 வோல்ட்டே. ஆறு கலங்கள் சேர்ந்த அடுக்கு 7.2 வோல்ட் தரும். ஏழு சேர்ந்தது 8.4 வோல்ட் தரும். இரண்டும் கடையில் '9 வோல்ட்' என்னும் பெயராலேயே விற்கப்படுதல் உண்டு. கொள்ளளவு பெரும்பாலும் 170 முதல் 300 மில்லியாம்பியர்-மணி வரை. லித்தியம் அயனி வகையிலும் 9 வோல்ட் அடுக்குகள் வந்துள்ளன. அவற்றுட் சில, மின்னழுத்தத்தை உயர்த்துதற்குச் சிறு மின்சுற்று ஒன்றை உள்ளே கொண்டிருக்கும். அச்சுற்று எழுப்பும் இரைச்சல், நுண்ணிய மாற்றங்களை உணரவேண்டிய உலோகங்காண் கருவியைக் குழப்புதல் கூடும். ஆதலின் கருவியிலிட்டுச் சோதியாமல் அவற்றை மொத்தமாக வாங்குதல் தகாது.

இவ்விருவகைக் கலங்களும் மின்னழுத்தத்தை இழக்கும் முறையில் வேறுபடுகின்றன. அல்கலைன் கலம் சரிவான பாதையில் இறங்கும் வண்டி போன்றது, 1.5 வோல்ட்டில் தொடங்கி மெல்ல மெல்லத் தாழும். நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடோ சமவெளியில் நெடுந்தொலைவு ஓடிப் பின் திடீரெனப் பள்ளத்தில் வீழ்வது போன்றது. கருவியின் எச்சரிக்கை விளக்கு 7 வோல்ட்டில் எரியுமாறு அமைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அல்கலைன் அடுக்கு 7 வோல்ட்டை அடைந்த பின்னரும் சிறிது காலம் தாங்கும். காவலர் மாற்றுக் கலம் தேடிக்கொள்ளலாம். 8.4 வோல்ட் அடுக்கு அவ்வெல்லையை அடையும்போது ஏறத்தாழத் தீர்ந்தேபோயிருக்கும். எச்சரிக்கைக்கும் முடிவிற்கும் இடையே காலம் மிகக் குறைவு. 7.2 வோல்ட் அடுக்கோ முழுதும் மின்னேறிய சிறிது நேரத்திற்குள்ளேயே அவ்வெல்லையை அணுகி நிற்கும். விளக்கு ஓயாது எரியும். ஓயாது எரியும் விளக்கை யாரும் மதியார். ஆகவே மின்னேற்றும் கலம் வாங்குவோர் 8.4 வோல்ட் என்று பொறித்திருத்தலைப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

இதனால் விளையும் இடர் யாது? கடிகாரத்தின் கலம் தீர்ந்தால் கடிகாரம் நிற்கும். நின்றதை நாம் காண்கின்றோம். உலோகங்காண் கருவியின் கலம் சோர்ந்தாலோ, அது மௌனமாயிருக்கும். உலோகம் இல்லாதபோதும் அது மௌனமாகவே இருக்கும். இவ்விரு மௌனங்களையும் பிரித்தறியக் காவலரால் இயலாது. கருவி செயலற்றதென்று கண்டபின்போ, நெடுவரிசையில் நிற்கும் தொழிலாளரைக் கையால் தடவிச் சோதிக்க நேரும். இரவு வேலை முடித்து, வண்டி பிடித்து வீடு திரும்பும் பெண்களுக்கு அது தாமதம் மட்டுமன்று; மானக்கேடும் ஆகும். ஏதேனும் பொருள் காணாமற் போயின், முதலில் வினவப்படுபவர் வாயிலில் நின்ற காவலரே. சில நூறு ரூபாய் பெறும் கலத்தின் மேல் இத்துணைப் பேருடைய மதிப்பு தங்கியுள்ளது.

இனிச் செலவை நோக்குவோம். கருவி 10 மில்லியாம்பியர் மின்னோட்டம் இழுப்பதாகவும், மூன்று முறைகளிலுமாக நாள்தோறும் 6 மணிநேரம் இயங்குவதாகவும், ஆண்டில் 300 நாள் வேலை நடப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டிற்கு 1,800 மணிநேரம் ஆகின்றது. 500 மில்லியாம்பியர்-மணி கொண்ட அல்கலைன் அடுக்கு 50 மணிநேரம் தாங்கும். எனவே ஆண்டிற்கு 36 அடுக்குகள் வேண்டும். 200 மில்லியாம்பியர்-மணி கொண்ட மின்னேற்று அடுக்கு 20 மணிநேரமே தாங்கும். எனவே 90 முறை மின்னேற்ற வேண்டும். அல்கலைன் ஒன்று 200 ரூபாய், மின்னேற்று அடுக்கு ஒன்று 400 ரூபாய், சார்ஜர் 800 ரூபாய் எனக் கொண்டால், முன்னதற்கு ஆண்டுச் செலவு 7,200 ரூபாய். பின்னதற்கு இரண்டு அடுக்குகளும் சார்ஜரும் சேர்ந்து 1,600 ரூபாய். 90 முறை மின்னேற்றுதற்கு ஆகும் மின்சாரமோ ஒரு யூனிட்டிற்கும் குறைவு. விலைகள் கடைதோறும் மாறும். கணக்கிடும் முறை மாறாது.

இதே கணக்கை, திருவிழாக் காலத்திலோ மண்டபக் கூட்டங்களிலோ மட்டும் ஆண்டிற்கு 40 மணிநேரம் கருவியைப் பயன்படுத்துவோர்க்குப் பொருத்திப் பார்த்தால், விடை தலைகீழாகும். அவர்க்கு அல்கலைன் ஒன்றே ஓராண்டிற்குப் போதும். மேலும், பழைய வகை நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு கலங்கள் வேலை செய்யாது சும்மாவிருப்பினும் ஒரு திங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மின்னை இழந்துவிடும். நம் நாட்டுச் சித்திரை வைகாசி வெயிலில் இவ்விழப்பு இன்னும் மிகும். புதிய வகைகள் ஓராண்டின் பின்னும் பெரும்பகுதியைக் காத்து வைக்கும் எனினும், பெட்டியிற் கிடந்து என்றோ ஒருநாள் எடுக்கப்படும் கருவிக்கு அல்கலைனே நம்பத்தக்கது.

ஆதலின், விடை ஒன்றன்று, இரண்டு. நாள்தோறும் இயங்கும் ஆலை வாயிலுக்கு 8.4 வோல்ட் மின்னேற்று அடுக்குகள் கருவிக்கு இரண்டாக இருத்தல் நன்று. ஒன்று கருவியில் இருக்க, மற்றொன்று சார்ஜரில் இருக்கும். அவற்றோடு உறை பிரியாத அல்கலைன் ஒன்றும் காவலர் அறையில் இருத்தல் வேண்டும். மின்சாரம் தடைப்படும் நாளில் அது கைகொடுக்கும். அருகிப் பயன்படுத்துவோர் அல்கலைனைக் கொள்க; வேலை முடிந்தபின் அதனைக் கருவியினின்று கழற்றி வைக்க. துத்தநாகக் கரிக் கலத்தை இக்கருவிக்கு வாங்குதல் குறைந்த விலைக்கு ஆசைப்பட்டு நிறைந்த பொருளை இழப்பதாகும்.

எவ்வகையைக் கொள்ளினும் காக்கவேண்டிய நெறிகள் சில உண்டு. ஒவ்வொரு முறை மாறும்போதும், எடுத்த காவலர் ஒரு நாணயத்தையோ சாவியையோ காட்டிக் கருவி ஒலிக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். மேற்கூறிய இரு மௌனங்களையும் பிரித்தறிதற்கு இதுவே எளிய வழி. ஒருமுறைக் கலத்தைச் சார்ஜரில் இடுதல் கூடாது. உள்ளே வளி பெருகி வெடித்தலும் கசிதலும் நேரும். சில கருவிகளிலேயே மின்னேற்றும் துளை இருக்கும். அவற்றில் அல்கலைன் இருக்கும்போது மின் இணைத்தல் அதே தீங்கைத் தரும். 9 வோல்ட் அடுக்கின் இரு முனைகளும் ஒரே முகத்தில் அருகருகே இருத்தலின், அதனைச் சாவியோடும் சில்லறையோடும் சட்டைப் பையிலிட்டால் சூடேறித் தீப்பற்றவுங் கூடும்.

தீர்ந்த கலங்களைக் குறித்தும் ஒரு சொல். இப்பகுதியில் பெய்யும் மழைநீர் ஓடைகளின் வழியே ஏரிகளை அடைகின்றது; அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி சென்னைமாநகர்க்குக் குடிநீர் தருவது. வாயிற்புறத்துக் குப்பையில் எறியப்படும் கலங்கள் துருப்பிடித்து மண்ணிற் கலப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் தீங்கு. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு விதிகள் ஈய-அமிலக் கலங்களை மட்டுமே தழுவின. 2022-ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளோ சிறு கலங்களையும் உட்படுத்தி, அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பைச் செய்வோர்மீது வைத்துள்ளன. பயன்படுத்துவோரும் கலங்களைப் பிற குப்பையோடு சேர்க்காமல் பிரித்து ஒப்படைத்தல் வேண்டும். முனைகளின்மேல் ஒட்டுநாடா ஒட்டி ஒரு பெட்டியிற் சேர்த்துவைத்தால், ஒப்படைத்தல் எளிதாகும். ஆண்டிற்கு 36 கலங்கள் கழியும் வாயிலையும் இரண்டே கலங்கள் சுழலும் வாயிலையும் ஒப்பிடின், மின்னேற்றுங் கலத்தின் பயன் இவ்வகையிலும் புலனாகும்.

மின்வேதியியல் ஆராய்ச்சிக்கெனக் காரைக்குடியில், அழகப்பச் செட்டியாரின் கொடையால், 1948-ஆம் ஆண்டு கால்கோளிடப்பெற்று 1953-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நடுவண் ஆய்வகம் நம் தமிழகத்திலேயே உளது. கலங்களைப் பற்றிய அறிவு நமக்குத் தொலைவிலுள்ளதன்று. ஆலை நடத்துவோர் கருவி வாங்கும்போது காட்டும் கருத்தில் ஒரு பங்கை அதன் கலத்தின்மீதும் செலுத்துவாராயின், வாயிலில் நிற்பவரும் வாயிலைக் கடப்பவரும் ஒருசேர நன்மை பெறுவர். கலம் வாங்கும் பொறுப்பைக் காவலரின் கைப்பணத்தில் விடாது ஆலையே மேற்கொள்வதும், மாற்றிய நாளை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைப்பதும் அதற்குத் தொடக்கமாகும்.