கையில் ஓடும் குருதிப் பாதைகள்

வைத்தியரிடம் சென்றால் முதலில் அவர் பிடித்துப் பார்ப்பது நம் மணிக்கட்டைத்தான். பெருவிரல் பக்கம் துடிக்கும் அந்த நாடியே ஆரத் தமனி. அக்குளிலிருந்து மேற்கையின் உட்புறமாக இறங்கும் பெரிய தமனி, முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஆரத் தமனி. சுண்டுவிரல் பக்கம் செல்வது அல்னா தமனி. நாம் படம் வரைந்து மதிப்பெண் வாங்குவது இவ்வளவுக்குத்தான்.

ஆனால் எல்லோர் கையும் பாடநூல் படத்தைப் போல் இருப்பதில்லை! 1953-இல் அமெரிக்காவில் 750 கைகளை அறுத்து ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 18 விழுக்காட்டில் பெரிய தமனிகள் மாறுபட்டிருக்கக் கண்டனர். பெரும்பாலானவற்றில் ஆரத் தமனி முழங்கைக்கு மேலேயே பிரிந்திருந்தது. மதுரை மருத்துவக் கல்லூரியில் இடம் பெறும் நம் அக்காமார் இதை உடற்கூறியல் கூடத்தில் கண்ணாலேயே காணலாம்.

காரணம் என்ன? நம் கொட்டாம்பட்டிப் பக்கம் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது, நீர் பல ஓடைகளாய்ப் பிரியும். ஓட்டம் மிகுந்தது நிலைக்கும், மற்றவை தூர்ந்துபோகும். கருவிலுள்ள குழந்தையின் கையிலும் முதலில் இருப்பது மெல்லிய குழாய்களின் வலையே. தூர்ந்துபோக வேண்டிய ஒன்று நிலைத்துவிட்டால் பாதை மாறிவிடுகிறது. இது நோயன்று. அத்தகைய கையை உடையவர் அதை அறியாமலே ஆயுள் முழுதும் நாற்று நடுவார், நெல் குத்துவார்.

இடர் வருவது ஊசி போடும்போதுதான். முழங்கை மடிப்பில் சிரை மேலேயும் தமனி ஆழத்திலும் இருக்கும். இடையில் தசைநார்த் தகடு ஒன்று காவலாக நிற்கும். சிலருக்கு அல்னா தமனி அத்தகட்டுக்கு மேலே, தோலுக்கு அடியிலேயே ஓடும். சிரை என்று எண்ணி அதில் ஊசியைச் செலுத்திவிட்டால், சில மயக்க மருந்துகள் தமனியைச் சுருக்கி அடைத்துவிடும். விரல்கள் கறுத்து, அவற்றை நீக்கவும் நேரிடலாம். நம் ஊரையொட்டிய மதுரை–திருச்சி நெடுஞ்சாலையில் அடிபட்டவருக்கு அவசரமாக ஊசி போடுகையில், இதை யார் நினைப்பார்? ஆகவேதான் கையில் பட்டை கட்டுமுன் விரலால் தொட்டுத் துடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். இறுகக் கட்டியபின் பார்த்தால் துடிப்பு அடங்கியிருக்கும். தமனியும் சிரைபோலவே தோன்றும்.

இதயக் குழாய்ச் சோதனையை மணிக்கட்டு வழியே செய்யலாம் என்று 1989-இல் கனடாவின் கம்போ என்ற மருத்துவர் எழுதினார். இன்று அது எங்கும் பரவியுள்ளது. மேலேயே பிரிந்த ஆரத் தமனி ஒடுக்கமாக இருந்தால் உள்ளே செல்லும் மெல்லிய குழாய் சிக்கிக்கொள்ளும். குழாய் தடைப்பட்டால் மருத்துவர் பலங்கொண்டு தள்ளமாட்டார். சாயமருந்து செலுத்தி, பாதையைத் திரையில் பார்த்துக்கொள்வார். வழி சரியில்லையெனில் மற்றக் கையையோ தொடையையோ நாடுவார்.